மோட்டார் ரூம் பிரசவம்

புதிதாகக் கால்நடை மருத்துவத்துக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் ஸ்கேன், ஊசி, டோஸ் பற்றித்தான் கேட்கிறார்கள். அதெல்லாம் படித்தால் வந்துவிடும். படித்தாலும் வராத ஒன்றை ஒரு பூனைதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஒரு திங்கட்கிழமை மெகருன்னிசா அக்கா கிளினிக்குக்கு வந்தார். முகப்பேரில் என் கிளினிக்குக்குப் பின்னால் உள்ள ஹவுசிங் போர்டு பிளாக்கில் முதல் மாடி. வீட்டிலேயே தையல் வேலை. கூடைக்குள் வெள்ளை, ஆரஞ்சு, கறுப்பு கலந்த ஒரு பெண் பூனை. மூக்குக்குக் கீழே கறுப்புப் பட்டை, மீசை வைத்த ஏட்டு மாதிரி.

"ஜமீலா முழுகாம கீறா டாக்டரம்மா," என்றார்.

வயிற்றைத் தடவிப் பார்த்தேன். குட்டிகள் இருந்தன. முட்டை, மீன், கோழி கொடுக்கலாம், பால் வேண்டாம் என்றேன். தன் மகளுக்குப் பிரசவத்தின்போது எழுதிக் கொடுத்து மீந்துபோன கால்சியம் மாத்திரையை எடுத்துக் காட்டினார். நன்றாகச் சாப்பிடுகிற பூனைக்கு அது வேண்டவே வேண்டாம், கெடுதல் என்றேன். நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

அதே வாரம் சனிக்கிழமை சண்முகம் சார் வந்தார். ஆவடி பேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். அதே பிளாக், மூன்றாவது மாடி. அவர் கொண்டுவந்த அட்டைப்பெட்டியில் காற்றுத் துளைகள் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தன. திறந்தால், உள்ளே ஏட்டு.

"லட்சுமி வாயும் வயிறுமா இருக்கா டாக்டர். வெளிய வாசல்ல எங்கயும் போற பழக்கமே இல்ல. வீடுண்டு, அவ உண்டு."

லட்சுமி என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாரும் தன் முட்டிவலிக்கு வாங்கிய கால்சியத்தில் பாதி கொடுக்கலாமா என்று கேட்டார். அதே பதில் சொன்னேன், அதே தலையாட்டல். பிறகு, எடை கூடிக்கொண்டே போகிறது, இது முதல் மாடியிலும் சாப்பிடுகிறது, இரண்டு வீடும் பேசி ஒரு அளவு வையுங்கள் என்று உண்மையைப் போட்டு உடைத்தேன்.

பேசினார்கள். என் கிளினிக் வரை கேட்டது. அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

குட்டி போடும் வாரம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா போன் செய்தார். பூனையை நேற்றிலிருந்து காணோம், மேல் வீட்டுக்காரர் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டார் என்றார். நான் காபியைக் கையில் எடுப்பதற்குள் சார் போன் செய்தார். பூனையைக் காணோம், கீழ் வீட்டில் அடைத்துவிட்டார்கள் என்றார். அங்கேதான் இருக்கிறது என்று ரோஷத்தில் இருவருமே தேடவில்லை. அது இரண்டு வீட்டிலும் இல்லை. தலைச்சன் பிரசவம் வேறு.

ஸ்கூட்டி சாவியை எடுக்கும்போது மூன்றாவது போன். குசுகுசுவென்று ஒரு ஆண் குரல்.

"டாக்டர், நான் யாருன்னு கேக்காதீங்க. பூனை குட்டி போட்ருச்சு. ஆனா ஒடம்பு வெடவெடன்னு ஒதறுது. குட்டிங்கள கிட்டயே சேக்க மாட்டேங்குது."

எங்கே என்றேன். மோட்டார் ரூம் என்றார். யார் என்று கேட்கத் தேவையே இல்லாமல் போயிற்று. அந்த பிளாக்கின் மோட்டார் ரூம் சாவி அசோசியேஷன் செயலாளர் தனசேகரிடம் மட்டும்தான் இருக்கும். 'பூனைகளுக்கு உணவளிக்கக் கூடாது' என்று மாடிப்படியில் நோட்டீஸ் ஒட்டிய அதே தனசேகர்.

போய்ச் சேர்ந்தேன். அக்காவையும் சாரையும் கீழே வரச் சொல்லியிருந்தேன். மோட்டார் ரூமில் பழைய வேட்டியை நாலாக மடித்துப் படுக்கை. பக்கத்தில் எவர்சில்வர் தட்டில் முள் எடுத்த சங்கரா மீன். முள் எடுத்தது! பூனை விறைத்துப்போய், வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. குட்டிகள் ஒரு ஓரத்தில் கத்திக்கொண்டிருந்தன.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. இரத்தத்தில் கால்சியம் இறங்கிப்போயிருந்தது. விட்டால் வலிப்பு வந்து உயிர் போய்விடும். அக்கா தலையைப் பிடித்தார், சார் காலைப் பிடித்தார். ஒரு கையில் ஸ்டெத், ஒரு கையில் சிரிஞ்ச். கால்சியத்தை நரம்பில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். துடிப்பைக் கேட்டுக் கேட்டுச் சொட்டுச் சொட்டாக ஏற்றினேன்.

நடுக்கம் மெல்ல அடங்கியது. பூனை தலையைத் தூக்கிக் குட்டிகளின் பக்கம் பார்த்தது. அக்கா அழுதேவிட்டார். சார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் கேட்டேன், யார் மாத்திரை கொடுத்தது என்று.

"பாதிதான் டாக்டரம்மா," என்றார் அக்கா.

"நானும் பாதிதான்," என்றார் சார்.

வாசலில் நின்ற தனசேகர் தொண்டையைக் கனைத்தார். "முட்டை ஓட்ட வறுத்துப் பொடி பண்ணி… டெய்லி ஒரு ஸ்பூன்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு கொடுத்துமா குறைந்தது என்று சார் கேட்டார். இன்ஸ்பெக்‌ஷன் ஆள் அல்லவா. கொடுத்ததால்தான் என்றேன். தினமும் லாரித் தண்ணீரை வாங்கி டேங்க்கை ரொப்பிக்கொண்டே இருந்தால் இந்த மோட்டார் ஓடாமலே கிடந்து இறுகிப்போகும், தண்ணீர் வேண்டிய நாளில் ஸ்டார்ட் ஆகாது. பூனையின் உடம்பும் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கிற வேலையை மறந்துவிட்டது. பால் சுரந்த அன்று மோட்டார் ஓடவில்லை. மூன்று பேரும் மோட்டாரைக் குற்றவாளியைப் போலப் பார்த்தார்கள்.

சில நாட்கள் குட்டிகளுக்குச் சிரிஞ்சில் பால் கொடுக்க வேண்டியிருந்தது. முறை போட்டுக்கொண்டு மூன்று வீடும் செய்தன. எல்லாம் பிழைத்தன.

பிள்ளைகளே, இதுதான் பாடம். 'என்ன சாப்பிடுது?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'வேற யார் யார் போடுறாங்க?' என்று கேளுங்கள். எங்க வீட்டில் மட்டும்தான் என்பார்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள். பதில் தானாக வரும்.

குட்டிகளுக்குத் தடுப்பூசி போட அந்த பிளாக்குக்குப் போனபோது மாடிப்படியில் புது நோட்டீஸ் இருந்தது. 'செயலாளரிடம் கேட்காமல் பூனைக்கு யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது.' கீழே கையெழுத்து மூன்று இருந்தன.