ராஜையாவின் அம்பாசடருக்கு எண்ணெய்

எஞ்சினின் கேம் ஷாஃப்ட் தண்டில் இருந்த மேடுகளில் ராஜையா கறுப்பு மசகுப் பசையை விரலால் தடவ, மகள் ஷெமி டார்ச் பிடித்திருந்தாள். ஒரு மேடு விட்டுப்போயிற்று என்றாள்.

"எனக்குக் கண்ணு தெரியாதா மக்கா?" என்று முறைத்தவர், அந்த மேட்டில் இரண்டு முறை தடவினார்.

இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அடுத்த வாரம் ஆலயத்துக்குப் போகிற வழியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

பாறசாலை ரயில் நிலையத்தில் டாக்சி ஓட்டியவர். வண்டியின் பானெட்டில் யாராவது சாய்ந்தால், "உனக்க மாமியா வீட்டுக் கட்டிலாக்கும்?" என்பார். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பார்க்காமல் ஒரு காலையிலும் சாவி போட்டதில்லை. டாக்சியை நிறுத்திய பிறகும் திருநாள் பவனியில் மாதா சுரூபம் அவருடைய அம்பாசடரில்தான் போகும். அது அவர் மாதாவுக்கு வேண்டிக்கொண்ட நேர்ச்சை. இந்த ஆண்டு பவனிக்காகத்தான் எஞ்சினைப் பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள். ஓசூர் தொழிற்சாலையில் பராமரிப்பு எஞ்சினியரான ஷெமி அதற்கென்றே விடுப்பு எடுத்து வந்திருந்தாள்.

எண்ணெய் விஷயத்தில்தான் ஒத்துப்போகவில்லை. தம்பி நிபின் துபாயிலிருந்து சிந்தெடிக் எண்ணெய் டின் ஒன்று கொண்டுவந்திருந்தான். அப்பா அதைப் பீரோவில் துணிகளோடு வைத்துப் பூட்டினார். அது புதுக் கார்களுக்கான எண்ணெய் என்றாள் ஷெமி. தேய்மானத்தைத் தடுக்கும் ஜிங்க் அதில் குறைவு, இந்தப் பழைய மாதிரி கேம் ஷாஃப்டை முதல் ஓட்டத்திலேயே தின்றுவிடும். புது பிஸ்டன் ரிங்குகளையும் சிலிண்டரில் உரசிப் பதிய விடாது. ஜிங்க் உள்ள சாதாரண மினரல் எண்ணெய்தான் வேண்டும்.

"பிள்ள ஆசையா கொண்டுவந்தத வேண்டாம்ணு நான் எப்படிச் சொல்ல?" என்றார். பேச்சு அங்கேயே நின்றுபோயிற்று.

திருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை, எஞ்சினில் புனலைச் செருகிவிட்டு நிபின் அந்த டின்னைத் திறந்தான்.

"எலே, ஊத்தாத!"

"அப்பாவுக்க நேர்ச்சையாக்கும் அக்கா. ஞாயிறு மாதா நடந்தா போவா?"

"இத ஊத்தினா பாதி வழியில நிக்கும். பெறவு நடந்துதான் போவணும்."

"துபாய்ல பென்ஸ் ஓடுது இதுல."

"அப்ப மாதாவப் பென்ஸ்ல ஏத்து."

அவன் சிரிக்கவில்லை. "அப்பா இத வேண்டாம்ணு சொன்னாரா?"

அப்பா அப்படிச் சொல்லவில்லைதான். ஆலையில் ஒரு பாகம் போனால் வேறு வாங்கலாம். இந்தக் கேம் ஷாஃப்டைக் கோயம்புத்தூர் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கிக் கண்டெடுத்திருந்தாள். இது கெட்டால் இன்னொன்று கிடைக்காது. வண்டி கோழி அடையும் இடமாகிவிடும். ஆனால் அப்பாவின் மனதில் இருந்தது இந்த டின்தான் என்றால்? அவர் இல்லாத நேரத்தில் அவர் விருப்பத்தை மறிக்கிறோமோ?

"கொஞ்சம் பொறு" என்றாள். அப்பாவின் போனை எடுத்து, அவர் வழக்கமாக வாங்கும் காட்டாக்கடை உதிரிபாகக் கடைக்காரர் பிரதீஷிடம் ஜிங்க் உள்ள எண்ணெய் கிடைக்குமா என்று கேட்கக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். அவள் வாய் திறக்குமுன் அவர் தொடங்கிவிட்டார்.

"அண்ணா, எங்க போயி கெடக்குதீரு? எண்ணெய் வந்து நாளாச்சு. மக சொன்னதாக்கும், ஜிங்க் உள்ளதுதான் வேணும்ணு என்னப் பாடாப் படுத்தினீரே! செவ்வாக்கெழம வாறேன்ணு சொல்லிப்போட்டு ஆளக் காணல்லியே?"

நிபின் டின்னைத் தரையில் வைத்தான்.

"நான் அவருக்க மகளாக்கும்" என்றாள் ஷெமி. "எடுத்து வையுங்க. நான் வாறேன்."