ஸ்கீக்கு மெழுகு பூசப் பத்து நிமிசம் காணும்

ஸ்கீக்கு மெழுகு பூசுறதுதான் என்ர தொழில் எண்டு சொன்னால் எங்கட சனம் முதலில பாவமாய்ப் பாக்கும், பிறகு "அது சரி, வேலை என்ன?" எண்டு கேக்கும்.

நான் சொல்லுறது தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. நாங்கள் வந்து குடியேறின பனி நாட்டில, வெக்ஸ்போர்ட் எண்ட இடத்துக்குப் பக்கத்தில ஒரு பிளாசாவுக்குள்ள இருந்த ஸ்கீக் கடை. முன்னுக்கு வெளிச்சம், கண்ணாடி, கலர் கலராய் ஜக்கெற். பின்னுக்கு யன்னல் இல்லாத ஒரு அறை, ஒரு நீட்டு மேசை, நான். பனியில சறுக்கிற அந்தப் பலகையின்ர அடிக்கு மெழுகு போட்டால்தான் அது வழுக்கும், இல்லாட்டில் பனியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். முதலில அடியைத் துடைக்கவேணும். பிறகு மெழுகுக் கட்டியைச் சூடான அயனில பிடிச்சுச் சொட்டுச் சொட்டாய் விட்டு, அயனாலயே இழுத்துப் பரவி, ஆறவிடவேணும். ஆறினாப் பிறகு, விட்ட மெழுகில முக்கால்வாசியைச் சுரண்டி எறிஞ்சுபோட்டு தும்புப் பிரஸ்ஸால தேய்க்கவேணும். நான் ஒரு நாளும் ஸ்கீயில ஏறினது கிடையாது. யாழ்ப்பாணத்தில பிறந்தவன் எதுக்கு மினைக்கெட்டு மலையில ஏறிக் கீழ விழவேணும்? விழ விரும்புற ஆக்களுக்கு வேண்டிய வசதியைச் செய்து குடுத்தனான், அவ்வளவுதான்.

சிரிக்காதேங்கோ. அதுக்கு முதல் நான் பாண் பேக்கரியில இரவு வேலை, மனுசி பகல் வேலை. நான் வர அவ போவா, அவ வர நான் போவன். எலிவேற்றர் வாசலில நிண்டுதான் குடும்பம் நடத்தினது. "கறி அடுப்பில கிடக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல்" எண்டு சொல்ல முதலே கதவு மூடிப்போடும். இந்த மெழுகு வேலை கிடைச்சாப் பிறகுதான் ரெண்டு பேரும் இரவில ஒண்டாய் இருந்து சாப்பிட்டனாங்கள். கோடையில அதே மேசையில சைக்கிள் திருத்துறது. வருசம் முழுக்க எனக்கு வேலை எண்டால் அந்த மேசைதான். கடையில நிண்டு, உங்கட வேலையை உங்களுக்கே படிப்பிக்கிற ஆக்களிட்டை மாட்டுப்பட்டவை இதை வாசிச்சால் கொஞ்சம் ஆறுதலாய் இருக்கும்.

முதலாளியின்ர புதுப் பெட்டி

ஒரு வருசம் பனி விழ முதலே, எங்கட முதலாளி கென் கடை வாசலில பெட்டி பெட்டியாய் அடுக்கினார். ஒவ்வொண்டுக்குள்ளயும் ஒரு சின்ன அயன், ஒரு மெழுகுக் கட்டி, ஒரு பிளாஸ்ரிக் சுரண்டி. வீட்டிலயே பூசலாம், பத்து நிமிசம் காணும் எண்டு மேல பெரிய எழுத்தில போட்டுக் கிடந்தது. எவன் பத்து நிமிசத்தில பூசிப் பாத்தானோ தெரியாது, அயன் சூடாகவே அந்த நேரம் போயிடும். பழுதாக்கினால் கடை காசில்லாமல் சும்மா சரிபண்ணித் தரும் எண்டு கென் தன்ர கையால வேற எழுதி ஒட்டினார். கடை எண்டால் நான்தான்.

அண்டைக்குப் பின்னேரம் மனுசன் அளவு நாடாவோட பின் அறைக்கு வந்து என்ர மேசையை நீளத்துக்கும் அகலத்துக்கும் அளந்தார். ஏன் எண்டு கேட்டன். எல்லாரும் வீட்டில பூசப் பழகினால் உந்த மேசையைக் கழட்டிப்போட்டு அந்த இடத்தில சப்பாத்து றாக்கை போடலாமாம். மேசை போனால் நான் எங்கை போறது எண்டு யோசிச்சுக்கொண்டு சூட்டு அயனைக் கழட்டி வைச்சன். அது அவருக்கும் விளங்கியிருக்கவேணும், தோளில தட்டி ஆறுதல் சொன்னார். இங்கிலிஸில சொன்னதை எங்கட தமிழில போடுறன்: "நீ ஒண்டுக்கும் யோசிக்காதை, உன்னைப் போல கெட்டிக்காரனுக்கு இந்த ஊரில எத்தினை பேக்கரி இருக்கு."

படம் போட்ட பக்கம்

பெட்டி வாங்கினவையில முதலில திரும்பி வந்தவன் பாங்கில வேலை செய்யிற ஒரு பெடியன். ரை கட்டி, தலைக்கு ஏதோ பூசி, ஆள் நல்ல மினுக்கம். ஸ்கீயைக் கொண்டுவந்து மேசையில எறிஞ்சுபோட்டு, உங்கட மெழுகு கள்ள மெழுகு எண்டான். ஸ்கீயில ஏறி நிக்கக் காலை வைச்சால் சப்பாத்து வழுக்குதாம், பனியில விட்டால் ஸ்கீ வழுக்குதில்லையாம்.

பாத்தன். மெழுகு முழுக்க மேல்பக்கத்தில கிடந்தது. சப்பாத்தைக் கொழுவுற பூட்டைக்கூட விடாமல், அதைச் சுத்திச் சுத்தி வடிவாய் அயன் பிடிச்சிருக்கிறான். உண்மையைச் சொல்லவேணும், வேலை சுத்தம். அடியில ஒரு சொட்டும் இல்லை. தம்பி, பனியில படுறது கீழ்ப்பக்கமெல்லோ எண்டு பதமாய்ச் சொன்னன். அவன் என்னைப் பாத்த பார்வையில, குடியேறி வந்தவனுக்கு இங்கத்தைய விசயம் என்ன விளங்கும் எண்ட இரக்கம் தெரிஞ்சது. பிறகு சொன்னான்: "படம் போட்ட பக்கத்தை விட்டிட்டு ஆராவது படம் இல்லாத பக்கத்தை அழகுபடுத்துவாங்களோ?"

வெள்ளைச் சேட்டு

அடுத்தவர் ஒரு லோயர். அவர் புத்திசாலி, பெட்டி வாங்கேல்லை. மெழுகுக் கட்டியை மட்டும் வாங்கினார். வீட்டில அயன்பொக்ஸ் இருக்கேக்கை இன்னொண்டு எதுக்கு எண்டது அவரின்ர வாதம். வீட்டில இருந்தது ஆவி விடுற அயன், அடியெல்லாம் ஓட்டை. மெழுகு அந்த ஓட்டையளுக்குள்ள போய்க் குடியிருந்திட்டுது. ஸ்கீயில பட்டது கொஞ்சம்தான்.

திங்கட்கிழமை காலமை கோட்டுக்குப் போறதுக்கு அந்த மனுசன் அதே அயனால வெள்ளைச் சேட்டை அழுத்தியிருக்கிறார். பின்பக்கம் முழுக்க மஞ்சள் வரி. கறுத்த கவுணைப் போட்டு மறைச்சுக்கொண்டு போய் வழக்குப் பேசினவராம், ஆனால் சூடு ஏற ஏறச் சேட்டு முதுகில ஒட்டத் துவங்கினதாம். வழக்கு என்ன ஆனது எண்டு நான் கேக்கேல்லை. பையுக்குள்ள இருந்து சேட்டை எடுத்து ஸ்கீக்குப் பக்கத்தில விரிச்சார்: "பழுதானால் சும்மா சரிபண்ணித் தருவம் எண்டு எழுதியிருக்கிறியள், ஸ்கீ எண்டு மட்டும் எழுதேல்லையே."

வோபர்ன் அண்ணை

வெள்ளையளோட மட்டும் நான் பாடுபடேல்லை. வோபர்னில இருந்து தங்கராசா அண்ணை வந்தார். எங்கட ஆள் ஒருத்தன் ஸ்கீக் கடையில நிக்கிறான் எண்டு கோயிலில ஆரோ சொல்லியிருக்கினம். மகளைப் பள்ளிக்கூடத்தால ஸ்கீ றிப் எண்டு மலைக்குக் கூட்டிக்கொண்டு போகினமாம், பழசு விக்கிற கராஜ் சேலில மலிவாய் ஒரு சோடி ஸ்கீ வாங்கியிருக்கிறார். பூசித் தாறன் அண்ணை எண்டன். வேண்டாம், முறையைச் சொல்லும், நான் வீட்டில செய்யிறன் எண்டார். சொன்னன். சுரண்டுற இடம் வந்தவுடன மறிச்சார்.

"பொறும் தம்பி. காசு குடுத்து வாங்கின மெழுகைப் பூசிப்போட்டுப் பிறகு சுரண்டி எறியச் சொல்லுறீர்?"

"ஓம் அண்ணை. மெல்லிசாய் இருந்தால்தான் ஓடும்."

"உது கடைக்காரர் மெழுகு விக்கிறதுக்குச் செய்யிற வேலை. எனக்கு உது தெரியாதே?"

றிப் முடிஞ்சு ரெண்டு நாளால ஸ்கீயும் கையுமாய் வந்தார். அடியில மெழுகு அடை மாதிரித் தடிப்பாய் இருந்தது, அதில பனி ஒட்டி, இலை ஒட்டி, சின்னக் குச்சியும் ஒட்டிக் கிடந்தது. பிள்ளை மலையின்ர உச்சியில நிண்டது நிண்டபடியாம். ரீச்சர் பின்னால நிண்டு தள்ளியும் ஸ்கீ அசையேல்லையாம், கடைசியில கழட்டிக் கையில தூக்கிக்கொண்டு நடந்து இறங்கினதாம். எனக்குப் பிள்ளையை நினைக்கக் கவலையாய்ப் போச்சு. இப்ப எண்டாலும் விளங்குதோ அண்ணை எண்டு கேட்டன். அண்ணையின்ர முகத்தில கவலையின்ர அடையாளமே இல்லை: "அந்த வகுப்பில விழாமல் வீட்டை வந்தது என்ர பிள்ளை ஒண்டுதான் தம்பி, வாற வருசத்துக்கும் இதே மெழுகு எடுத்து வையும்."

கேக் மணம்

அடுத்தது ஒரு அம்மா, யூனியன்வில் பக்கம். மெழுகு எண்டால் மெழுகுதானே எண்டு வீட்டில இருந்த வாசனை மெழுகுதிரியை உருக்கி ஊத்திப்போட்டா. அதைச் சுரண்ட எனக்குப் பின்னேரம் முழுக்கப் போச்சு. மணம் முன்பக்கம்வரை போனது. மாரியோ எண்டு ஒருத்தன், முன்னுக்கு நிண்டு காசு வாங்குறவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின் அறைக்குள்ள எட்டிப் பாத்தான்: "ஆருக்குப் பிறந்தநாள், என்னைக் கூப்பிடாமல் கேக் வெட்டிப்போட்டியோ?"

செய்து காட்டின சனிக்கிழமை

இவ்வளவு பழுதும் வந்து குவிய, நான் ஒருத்தன் சும்மா சரிபண்ணிச் சரிபண்ணி முறிஞ்சன். கென்னுக்குப் புத்தி வரும் எண்டு நினைச்சால் அவருக்கு வந்தது வேற யோசனை. பெட்டியில பிழை இல்லையாம், சனத்துக்குப் பழக்கமில்லையாம். சனிக்கிழமை கடைக்கு முன்பக்கத்தில நான் எல்லாருக்கும் முன்னால பூசிக் காட்டவேணுமாம். சனம் பழகினவுடன மேசையைக் கழட்டலாம் எண்டு எனக்கே சந்தோசமாய்ச் சொன்னார். என்ர மேசையைக் கழட்டுறதுக்கு நானே வகுப்பு எடுக்கவேணும், எப்பிடி இருக்கு கதை?

வெள்ளிக்கிழமை சாப்பிடேக்கை மனுசியிட்டைச் சொன்னன். சுரண்டுறதையும் தேய்க்கிறதையும் மறைச்சுப்போட்டுக் கொஞ்சம் பிழையாய்ப் படிப்பிக்கப்போறன், அப்பதான் எல்லாரும் திருப்பிக் கொண்டு வருவினம் எண்டன். அவ சோத்துக் கோப்பையில இருந்து தலை நிமித்தாமல் சொன்னா: "ஏனப்பா ஒளிக்கிறியள், முழுசாய்ச் செய்து காட்டுங்கோ, நீங்கள் அண்டைக்கு வீட்டில சொல்லத் துவங்கினவுடனயே எனக்குக் கொட்டாவி வந்திட்டுது."

முழுசாய்ச் செய்து காட்டினன். நல்ல கூட்டம். எல்லாற்ற கையிலயும் ஒவ்வொரு பெட்டி. முதலில அடியைத் துடைச்சன், ஆறுதலாய். பிறகு மெழுகைச் சொட்டவிட்டு அயனை இழுத்தன், ஒரு இடத்தில நிண்டால் அடி எரிஞ்சுபோடும் எண்டு காட்டினன். இந்த மட்டில எல்லாரும் ஆவலாய்த்தான் நிண்டினம். அதுக்குப் பிறகு, இனி இது ஆறவேணும் எண்டு சொல்லிப்போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிண்டன். எவ்வளவு நேரம் எண்டு ஒருத்தர் கேட்டார். அரை மணித்தியாலமாவது எண்டன். கென் ரெண்டு பகிடி விட்டார், வீட்டை போய் இண்டைக்கே தன்ர ஸ்கீக்கும் பூசப்போறதாய்ச் சொன்னார், பிறகு அவரும் மணிக்கூட்டைப் பாக்கத் துவங்கினார். எல்லாருமாய்ச் சேந்து மெழுகைப் பாத்துக்கொண்டு நிண்டம்.

ஆறினாப் பிறகு சுரண்டினன். தும்பு தும்பாய்ப் பறந்து முன்னுக்கு நிண்டவையின்ர கம்பளிக் கோட்டில ஒட்டினது. இதை வீட்டில எந்த அறையில வைச்சுச் செய்யிறது எண்டு ஒருத்தி கேட்டா. காப்பெற் இல்லாத அறையில, ஸ்கீ அசையாமல் இறுக்கிப் பிடிக்கிற மேசை இருந்தால் நல்லம் எண்டன். புருசனும் பெண்சாதியும் ஆளை ஆள் பாத்தினம். மற்ற ஸ்கீ ஒண்டு கிடக்கு, அதையும் இதே மாதிரி எண்டு நான் கையில எடுக்க, பெட்டியெல்லாம் ஒவ்வொண்டாய் வாசல் அடுக்குக்குத் திரும்பிப் போகத் துவங்கினது. எங்கட ஸ்கீக்கு நீயே பூசித் தா எண்டு பின் அறை வாசலில லைன் நிண்டது. முன் வரிசையில கடைசிவரை கண் வெட்டாமல் பாத்துக்கொண்டு நிண்ட வயசுபோன மனுசி ஒருத்தி என்ர கையைப் பிடிச்சா: "மகனே, நீ நல்லாய்ப் படிப்பிச்சாய், இதை நான் ஒரு நாளும் செய்யக்கூடாது எண்டு இப்ப வடிவாய் விளங்கிட்டுது."

பின்கதவு

திங்கட்கிழமை கடை திறக்க முதல் பின்கதவில தட்டுச் சத்தம் கேட்டது. திறந்தால் கென். முன்கதவைத் திறக்கிற திறப்பைக் கையில வைச்சிருக்கிற மனுசன் குளிருக்குள்ள, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில நிக்கிறார். கையில போர்வையால சுத்தின நீட்டுச் சாமான்.

மேசையில வைச்சு அவிழ்த்தன். ஒரு ஸ்கீயின்ர அடியில அயனின்ர வடிவம் அப்பிடியே எரிஞ்சு பதிஞ்சிருந்தது, நடுவில ரெலிபோன் அடிச்சதாக்கும். மற்றதின்ர அடியில மெழுகோட சேத்து வெள்ளைக் கம்பளி மயிர் ஒட்டிக் கிடந்தது, நல்ல விலைக் காப்பெற். வீட்டில அவரின்ர மனுசி என்ன சொன்னா எண்டு நான் கேக்கேல்லை, அந்த முகத்திலயே எழுதியிருந்தது. நான் அயனைச் சூடாக்கப் போட்டன். உள்ளுக்குள்ள எனக்குச் சந்தோசம் எண்டால் அப்பிடி ஒரு சந்தோசம், வெளியில காட்டேல்லை. கென் என்ர மேசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "நான் அண்டைக்கு அளந்தது, இதில ரெண்டாவது மேசை ஒண்டு போடலாமோ எண்டு பாக்கத்தான், நீ என்ன நினைச்சனீ?"

ஆரும் வீட்டிலயே பத்து நிமிசத்தில செய்துபோடக்கூடிய அந்த வேலைக்குத்தான் நான் பிறகும் கனகாலம் காலமை போய், பின்னேரம் வந்து, மனுசியோட ஒண்டாய் இருந்து சோறு திண்டனான்.