துரையின் கை

இப்போது மோனோரயில் ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீடு இருந்தது. தாத்தா படம் வரைபவர். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துத் துரைமாரை எதிரே உட்காரவைத்து, எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தவர். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் துரைமார் கப்பலேறிவிட்டார்கள். தாத்தாவுக்குக் கண்ணும் சோர்ந்து, இடுப்பும் சோர்ந்திருந்தது. வரைந்த படத்தை வாங்க வராமலே போய்விட்ட ஒரு துரை மட்டும் எங்கள் அலமாரிக்குப் பின்னால் கோட்டும் டையுமாகக் கிடந்தார்.

ஒருநாள் கிள்ளானிலிருந்து ஒருவர் வந்தார். இறந்துபோன தன் அப்பாவின் ஐ.சி. அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்து, கோட்டுப் போட்டுப் பெரிதாக வரையச் சொன்னார். அவர் போனதும் தாத்தா துரையை வெளியே இழுத்துத் தூசி தட்டினார்.

“புதுசா ஒரு கோட்டு வரைய யாருக்குத் தெம்பு இருக்கு?”

துரையின் முகத்தைச் சுரண்டிவிட்டு, அங்கே கிள்ளான்காரரின் அப்பாவை வரைந்து கொடுத்தார். அலுப்பு தீரத் தூங்கினார்.

தெவசத்துக்கு முதல் நாள் கிள்ளான்காரர் படத்தோடு திரும்பி வந்தார்.

“ஐயா, எங்கப்பா ரயில் சடக்குல தண்டவாளக் கட்டை தூக்குனவரு. மூஞ்சி அவரு மூஞ்சிதான். கை மட்டும் வெள்ளைக்காரன் கையா இருக்கே! நாளைக்குச் சொந்தக்காரங்க சிரிப்பாங்க லா.”

எட்டிப் பார்த்தேன். நாற்காலிப் பிடியில் இளஞ்சிவப்பாக ஒரு கை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அம்மாதான், “வயசாயிருச்சுல்ல, மறந்துட்டாரு” என்று சமாளித்தார்.

“ஆமா, மறந்துட்டேன்” என்றார் தாத்தா.

சாயத்தைக் குழைத்தார். ஆனால் உடனே தொடவில்லை. படத்தை ஜன்னல் பக்கம் திருப்பி என்னைக் கூப்பிட்டார்.

“கட்டைவிரல் நகத்துல வெளிச்சம் விழுது, பாத்தியா? அதுக்கப்புறம் ஒரு தடவகூட எனக்கு அப்படி வரல.”

பிறகு நாலைந்து இழுப்பில் கையைக் கறுப்பாக்கினார். விரல்கள் கத்தரிக்காய் மாதிரி தடித்துப்போயின. கிள்ளான்காரருக்குப் பரம திருப்தி. சாயம் காயவில்லை, கைபடாமல் மாட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டு, தாத்தா சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

தன் மறதியை நினைத்து வெட்கப்படுகிறார் என்றுதான் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். மறந்துபோன மனிதருக்கு அந்த நகத்து வெளிச்சம் எப்படி ஞாபகமிருந்தது என்று கேட்க அன்று எனக்குத் தெரியவில்லை.