மீன்குழம்பு பட்ட பக்கம்

முப்பத்திரண்டாம் பக்கத்தில் மீன்குழம்பு. ஜீனா புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறாள். "சாளை மீனாக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நோட்டில் 'குழம்பு, 32' என்று எழுதுகிறாள். எழுபதாம் பக்கத்தில் ஒரு விரல் ரேகை. தொண்ணூறில் நசுங்கிய எறும்பு. யாரோ கடைசிவரை போயிருக்கிறார்கள். முகம் மலர, புத்தகத்தை வலதுபக்கம் வைக்கிறாள். வலதுபக்கம் என்றால் வாங்கலாம். இடதுபக்கம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பாறசாலையிலிருந்து காரோட்டுக்குப் போகும் வழியில், ரேஷன் கடை மாடியில் இருக்கும் வாசகசாலைக்கு அவள் பதினோரு வருடமாக லைப்ரேரியன். காலையில் வீட்டில் தையல். பள்ளிக்கூடம் விட்டதும் வாசகசாலை. சின்னப் பிள்ளைகளுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் புத்தகம் தேர்ந்தெடுப்பது அவள் பொறுப்பு. வருடத்துக்கு முப்பதுதான் வாங்கலாம் என்பதால், ஒன்று தப்பிப்போனாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

நெய்யாற்றின்கரையிலிருந்து புத்தக ஏஜென்ட் அபிலாஷ் ஒரு பெட்டி நிறைய மாதிரிப் புத்தகங்களைக் கொண்டுவந்து வைப்பான். ஒரு மாதம் கழித்து வந்து வேண்டாதவற்றை எடுத்துப் போவான். அவனுக்கு ஒரே நிபந்தனை: கறை பட்ட புத்தகம் திரும்ப வரக்கூடாது, அதை வாங்கிவிட வேண்டும். மற்ற இடங்களில் இதைக் கேட்டதும் பெட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஜீனா அன்றைக்கே பிரித்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவாள். "கறை படணும்னுதானே நான் குடுக்கேன்?"

கொடுப்பதற்கு முன் எல்லாவற்றுக்கும் செய்தித்தாளில் அட்டை போடுவாள். தமிழ்ப் புத்தகத்துக்குத் தமிழ்த்தாள், மலையாளப் புத்தகத்துக்கு மலையாளத்தாள். அதற்குமேல் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியக்கூடாது. "மொகத்தப் பாத்து ஏமாந்தது போதும்" என்பாள். முதல் வருடம் பொன்னெழுத்து அட்டை போட்ட நீதிக்கதைகளாக வாங்கி அடுக்கினாள். அவற்றைக் கடைசிவரை படித்தது கரையான் மட்டும்தான்.

கறை பதினான்காம் பக்கத்தோடு நின்றிருந்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டும்; ஆனால் அவளுக்கு ஆவல் தாங்காது. அங்கே என்னதான் ஆயிற்று என்று பதினைந்தைப் படித்துப் பார்ப்பாள். பெரும்பாலும் அங்கே ஒரு பெரியவர் வந்து அறிவுரை சொல்லத் தொடங்கியிருப்பார். பெரிய பிள்ளைகள் குழம்பு சிந்துவதில்லை. பஸ் டிக்கெட், தலைமுடி, ஒட்டுப்பொட்டு என்று எதையாவது விட்டுப்போவார்கள். ஒருமுறை பொட்டு ஒட்டியிருந்த பக்கத்தை நான்கு தடவை படித்தாள். ஒரு பெண் தன் வீட்டாரிடம் 'மாட்டேன்' என்று சொல்லும் வரி அதில் இருந்தது. பொட்டைப் பிய்க்காமல் அப்படியே விட்டுவிட்டாள்.

இந்த வேலை முடியும்வரை ஒரு மடக்கு டீ கூடக் குடிக்க மாட்டாள். தன் கை அழுக்கு பிள்ளைகளின் அழுக்கோடு கலந்துவிடக் கூடாதாம்.

போன வெள்ளிக்கிழமை அபிலாஷ் வரும் நாள். வாசகசாலை செக்ரட்டரி தாணுமாலயன் எதிரே உட்கார்ந்து, நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த சூடான பழம்பொரிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். "எடு பிள்ளே. போலீஸ்காரன் மாதிரி இப்பிடியா பரிசோதிக்கது?"

"வேல முடியட்டு, சாரே."

அடுத்து எடுத்த புத்தகம் பளிச்சென்றிருந்தது. கடலுக்குப் போன அப்பா திரும்பி வராத வீட்டில், அவருடைய செல்போனைத் தினமும் சார்ஜ் போட்டு வைக்கிற ஒரு பெண்ணின் கதை. பொழியூர் ரினி கொண்டுபோன புத்தகம். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அப்பாவும் மூன்று வருடத்துக்கு முன் வள்ளத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்தான். ஒரு மாதம் அவள் கையில் இருந்தும் ஒரு மடிப்பில்லை, ஒரு முடியில்லை. ஜீனா ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு தடவை புரட்டிப் பார்த்தாள்.

"நான் அப்பவே சென்னேன்" என்றார் தாணுமாலயன். "அந்தப் பிள்ளைக்கு வீட்டுல இல்லாத சங்கடமா? சிரிச்சு வெளையாடுக கதை ஒண்ணு குடு. இத தொறந்துகூடப் பாக்கல, கண்டியா?"

அந்தப் பிள்ளையை நோகடித்துவிட்டோமோ என்று மனசு உறுத்த, ஜீனா புத்தகத்தை இடதுபக்கம் வைத்தாள்.

அப்போது மாடிப்படி அதிர நிக்கோலஸ் வந்தார். ரினிக்குச் சித்தப்பா, கடல் தொழில். தகவல் புத்தகங்களை அந்தந்தத் தொழில்காரர்களிடம் கொடுத்துச் சரிபார்ப்பது ஜீனாவின் வழக்கம். கடல் புத்தகமெல்லாம் அவருக்குத்தான் போகும்.

"இது வேண்டாம் கேட்டியா, ஜீனா. சுறாவுக்கு வாலு குத்தன நிக்கும். இதுல படுக்கப் போட்டிருக்கான். படம் வரச்சவன் சுறாவக் கறிச்சட்டியிலத்தான் கண்டிருக்கான்."

"வாலுதானே, போட்டு விடு" என்றார் தாணுமாலயன்.

"வாலு படுத்துக் கெடந்தா அது திமிங்கலம், சாரே. ஒங்க ஆப்பீசுல ஆளு மாறிக் கைநாட்டு வச்சா விடுவியளா?"

ஜீனா சிரித்துவிட்டாள். நிக்கோலஸின் கண் இடதுபக்கம் போனது. அந்தச் செய்தித்தாள் அட்டையை அவர் ரினியின் வீட்டில் பார்த்திருக்கிறார். "இது நம்ம ரினிக்க புக்கில்லியா? இங்க எதுக்குக் கெடக்குது?"

"திருப்பி அனுப்புதேன், அண்ணே. அவ தொறந்தே பாக்கல."

"ஆரு சென்னது? சோப்புப் போட்டுக் கை கழுவாம தொடமாட்டா. உப்புக்காத்து பட்டுரும்னு கவருல சுத்தி அரிசிப் பானைக்குள்ளல்லா வச்சிருந்தா! நான் ஒருக்கா எடுக்கப் போனேன். 'சித்தப்பா, மீன் கையி'ன்னு ஒரே கத்து. மூணு மட்டம் படிச்சாச்சு. இண்ணைக்குக் காலைலயும் கேட்டா, இனி எப்ப எடுக்கலாம்னு."

ஜீனா நோட்டை மூடினாள். பதினோரு வருடத்தில் எத்தனை சுத்தமான புத்தகங்கள் திரும்பிப் போயிருக்கும்? அவற்றில் எத்தனை, யார் வீட்டு அரிசிப் பானையில் இருந்தவை? புத்தகத்தை எடுத்து வலதுபக்கம் வைத்தாள்.

தாணுமாலயன் அதை எடுத்து மறுபடி இடதுபக்கம் வைத்தார். "அது நடக்காது. கறை படாதது திரும்பப் போவும். கமிட்டியில நீதானே சட்டம் கெட்டினே? ஒருத்திக்கு மாத்தினா, நாளைக்கு நான் செல்லுத நீதிக்கதைக்கும் மாத்தணும்."

"இது வேற, சாரே."

"சட்டம் சட்டமாக்கும்."

கீழே ஸ்கூட்டர் நின்றது. அபிலாஷ் ஹெல்மெட்டோடு ஏறி வந்தான். "சேச்சி, ரெடியா? மழ வருது, நான் வேகம் போணும்." இடதுபக்க அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கறை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துப் பெட்டிக்குள் வைத்தான். ரினியின் புத்தகத்தை எடுத்தபோது, "இது புத்தம்புதுசு மாதிரியே இருக்குதே" என்றான்.

"அத இங்க தா, மக்கா. ஒரு நிமிஷம்."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு பொட்டலத்திலிருந்து ஒரு பழம்பொரியை எடுத்தாள். "இப்பளாவது திங்கத் தோணிச்சே" என்றார் தாணுமாலயன். ஜீனா தின்னவில்லை. எழுத்தேதும் இல்லாத கடைசிப் பக்கத்தைத் தேடிப் பிரித்து, எண்ணெய் வழிந்த கட்டைவிரலை அதன் ஓரத்தில் வைத்து, பதிவு அலுவலகத்தில் கைநாட்டு வைப்பவளைப் போல நன்றாக அழுத்தி எடுத்தாள்.