கோட்டுப் போட்டவர் ஊற்றிய தண்ணீர்

திருநகர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு நான் மேலாளர். ஜெனரேட்டரை எழுப்புவதிலும் சமையல் மாஸ்டரின் கோபத்தை அமர்த்துவதிலும் கைதேர்ந்தவன். அப்படிப்பட்டவனைத்தான் முதலாளி, மேலாளர்களுக்கான ‘சஸ்டெயினபிலிட்டி’ பயிற்சிக்கு, அதாவது சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் தொழில் நடத்தக் கற்றுத்தரும் வகுப்புக்கு, அனுப்பினார். மில், மசாலா கம்பெனி மேலாளர்களுக்கு நடுவே என் கல்யாணத்துக்குத் தைத்த பழைய கோட்டில் போய் உட்கார்ந்தேன். பொத்தானைப் போட்டால் மூச்சை விட முடியாது.

“உங்க தொழில்ல பெரிய குப்பை எது?” என்று பயிற்சி தந்த மேடம் கேட்டார். மற்றவர்கள் கார்பன் என்றார்கள். நான், “பந்தித் தண்ணி பாட்டில் மேடம்” என்றேன். இலைக்கு ஒன்று வைப்போம். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

ஏதாவது ஒன்றை மாற்றி, அது நடப்பதைக் காட்டினால்தான் சான்றிதழாம். பாட்டிலுக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர் என்று திட்டம் போட்டேன்.

“ஒரு பார்ட்டி மொகம் சுளிச்சாலும் பாட்டில் திரும்பி வந்துரும், பாத்துக்கங்க” என்றார் முதலாளி.

சோழவந்தான்காரர் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு அரைமனதாக ஒத்துக்கொண்டார். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரு மாதிரிண்ணே” என்று எச்சரிக்கவும் செய்தார். கல்யாணத்தன்று மேடம் நேரில் பார்க்க வந்திருந்ததால் அப்போதும் கோட்டோடுதான் நின்றேன்.

முதல் பந்தி. மாப்பிள்ளையின் தாய்மாமன் இலைக்கு இரண்டு பக்கமும் பார்த்தார். “என்னப்பா, தண்ணி பாட்டிலுக்குக்கூடவா வழியில்ல? எங்கள அம்புட்டுக் கேவலமா நெனச்சுட்டீகளா?”

சோற்றில் அவர் கை வைக்கவில்லை. அதைப் பார்த்து, வரிசையே கையை எடுத்துக்கொண்டது. பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பயிற்சியில் படித்தது ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பரிமாறுகிறவரிடமிருந்து ஜக்கைப் பிடுங்கிக் குனிந்து, தாய்மாமனின் டம்ளரில் ஊற்றினேன். கோட்டுப் பொத்தான் தெறித்து ஓடியது.

“பாட்டில யாரு வேணும்னாலும் வச்சுட்டுப் போயிரலாம்ணே. ஒங்களுக்குப் பக்கத்துல நின்னு ஊத்தணும்ல?”

அவர் என் கோட்டை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்து இலைக்காரரை முழங்கையால் இடித்தார். “பாத்தியா மாப்ள, கோட்டுப் போட்ட ஆளே நின்னு ஊத்துறாரு!” சோற்றைப் பிசைந்தார்.

“அண்ணே, இங்கிட்டும் கொஞ்சம்” என்று அடுத்த டம்ளர் நீண்டது. கடைசி இலையில் மேடத்தின் டம்ளரும் நீண்டது.

சான்றிதழ் இப்போது என் நாற்காலிக்கு மேலே தொங்குகிறது. வருகிறவர்கள் பார்க்காவிட்டால் நானே காட்டுவேன். மண்டபத்துக்குள் பாட்டில் வருவதில்லை.

நேற்று முன்பதிவுக்கு ஒரு குடும்பம் வந்தது. ஏசி, கார் நிறுத்துமிடம் எல்லாம் பார்த்துவிட்டு, “கோட்டுப் போட்டவரு தண்ணி ஊத்துவாராமே, அது உண்டுல்ல?” என்றார்கள்.

முதலாளி என்னைப் பார்த்தார். “உண்டு” என்றேன், நிமிர்ந்து உட்கார்ந்து. குனிய வசதியாக, புதுக் கோட்டுக்கு அளவு கொடுத்திருக்கிறேன்.