அழகன் வெட்டிய நிரை

இலங்கை மலையகத்தில் உடப்புசல்லாவைப் பக்கம் கவ்வாத்து வெட்ட அழகனை மிஞ்ச ஆளில்லை. தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலை அது. கத்தி ஒரே வீச்சில் இறங்க வேண்டும். கிளை பிளந்தாலோ அளவுக்குக் கீழே வெட்டினாலோ செடி பட்டுப்போகும். மற்றவர்களுக்கு ஒதுக்கிய செடி நிரையில் அளவுக்கம்பு வைத்துப் பார்க்கிற கங்காணி மாயாண்டி, அழகன் நிரைப் பக்கம் போகவே மாட்டார். அவ்வளவு நம்பிக்கை. பாழாய்ப்போன நம்பிக்கை.

ஐம்பத்தேழு வயதில் அழகனின் வலது கண்ணில் சதை வளர்ந்து கருவிழியை மூடப் பார்த்தது. டவுன் ஆஸ்பத்திரியில், வலி தெரியாமலிருக்கக் கண்ணுக்குப் பின்னால் ஊசி போட்டு அந்தச் சதையை எடுத்தார்கள். ஊசி இறங்கியதும் கண் அசையாமல் நின்றது. சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்றார் டாக்டர். எத்தனையோ சாயங்காலம் போயிற்று. கண் கீழ்ப்பக்கம் மட்டும் திரும்பவேயில்லை. குனிந்து எதைப் பார்த்தாலும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு தெரிந்தது. திரும்பப் போய்க் காட்டினார். ஊசி மருந்து கண்ணின் தசையைக் கெடுத்திருக்கலாம், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொல்வது அவர்களுக்கு லேசு.

ஒரு கண்ணைப் பொத்தினால் ஒன்றாகத் தெரிந்தது. மனைவி பூரணி கெஞ்சினாள்.

"கங்காணிக்கிட்ட சொல்லிருங்க. கண்ணக் கட்டிக்கிட்டு வேற வேல பாக்கலாம்."

"கண்ணக் கட்டுனவன் கையில எவன்டி கத்தி குடுப்பான்? புல்லு வெட்டத்தான் அனுப்புவாங்க. அதுக்கு நான் சாகலாம்."

கவ்வாத்து தொடங்கியது. மற்றவர்கள் பார்த்துவிடுவார்களே என்று ஒரு கண்ணை மூடாமல், ஒரு கிளைக்கு இரண்டு கிளை தெரிய, அழகன் குத்துமதிப்பாக வீசினார். கிளைகள் பிளந்தன. பிளவை மறைக்க இன்னும் கீழே வெட்டினார். அதுவும் பிளக்க, அதற்கும் கீழே. வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை. மாயாண்டியும் வழக்கம்போல் அவர் நிரையைப் பார்க்காமலே போனார்.

சில மாதங்களில் மலை முழுக்கத் துளிர்த்தது. அழகனின் நிரைகள் மட்டும் கட்டை கட்டையாக நின்றன. மாயாண்டி அங்கே முதல் தடவையாக அளவுக்கம்பை ஊன்றினார். திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கண்கலங்கி நின்றார்.

"என்னண்ணே, எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா?"

அழகன் கத்தியை அவரிடம் நீட்டினார். பிறகு, எல்லோரும் பார்க்க, உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நிரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ரெண்டு ரெண்டாத் தெரியிறதால செத்தது நெறையாத் தெரியுதுன்னு நெனச்சேன், மாயாண்டி. ஒத்தக் கண்ணால பாத்தாலும் இம்புட்டும் செத்துத்தான் கெடக்கு."