மாரியின் மூஞ்சி வந்த படம்

"களிமுகம்" பேய்ப்படத்தின் முதல் பாகம் வந்தபோது எங்கள் பழவேற்காட்டு ஆம்பளைகள் இருட்டிய பிறகு ஒண்ணுக்குப் போகக்கூடத் துணை தேடினார்கள். லைட்ஹவுஸ் குப்பத்து வேலம்மா மீன் ஏலத்தில் பத்துப் பேரை ஒரே மூச்சில் வாயடைக்க வைப்பவர். அவரே வாரக்கணக்கில் லைட்டை அணைக்காமல் தூங்கினார். படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஏரித் தண்ணீருக்கு மேலே ஒரு தலை. அது ஆடாமல் அசையாமல் அப்படியே நகர்ந்து வரும். வந்துகொண்டே இருக்கும். அவ்வளவுதான்.

அந்தத் தலை மாரியக்காவுடையது.

மாரியக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. ஏரியில் கையாலேயே இறால் பிடிப்பவர். வலையும் கிடையாது, படகும் கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் குந்தி, இரண்டு உள்ளங்கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார். விரலில் துள்ளியதைப் பிடித்துக் கழுத்தில் தொங்கும் பனையோலைப் பறியில் போடுவார். பத்து வயதில் அம்மாவோடு இறங்கியவர், பிரசவத்துக்குத்தான் கரையேறினார் என்று அவர் வீட்டுக்காரர் துளசிங்கம் சொல்வார். துளசிங்கத்துக்கு மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. இறால் பிடிக்க ஒரு நாள் இறங்கிப் பார்த்துவிட்டு, "இது நமக்கு ஒத்துவராது" என்று அன்றைக்கே யூனிபார்ம் மாட்டிக்கொண்டவர்.

முதல் பாகத்தை ஏரிக்கு அந்தப் பக்கம், ஊர்க்கூட்டம் வராத ஒரு திட்டில் எடுத்தார்கள். பேயாக நடிக்கச் சென்னையிலிருந்து வந்த சண்டைக்காரர் முதல் அடியிலேயே முழங்கால்வரை சேற்றில் மாட்டிக்கொண்டார். நாலு பேர் பிடித்து இழுத்தபோது கால் வந்தது, அதில் மாட்டியிருந்த ரப்பர் பேய்க்கால் வரவில்லை. அந்த நேரத்தில் மாரியக்கா தன் பாட்டுக்குத் தடவிக்கொண்டே அந்தப் பக்கம் போயிருக்கிறார். டைரக்டர் பார்த்துவிட்டார். உதவி டைரக்டர் ஜோயல் ஓடி வந்தார். ஜோயலுக்குக் குரல் மூக்கால் வரும், ஒவ்வொரு பேச்சின் வாலிலும் ஒரு "க்கா" தொங்கும்.

"அக்கா, ஒரு சின்ன ஹெல்ப்க்கா. நீங்க இப்ப பண்றீங்களே, அதையேதான் பண்ணணும்க்கா. மூஞ்சிக்கு ஒரு ரப்பரு போட்டுக்கணும்க்கா. ஆனா படம் வர்ற வரைக்கும் வெளில சொல்லக் கூடாதுக்கா."

மாரியக்கா சொல்லவில்லை. ஷூட்டிங்கில் பாத்திரம் கழுவப் போவதாகத்தான் ஊரிலும் வீட்டிலும் சொல்லி வைத்தார். அவர் சொன்ன ஒரே பொய் அது. ஊர் முழுசாக நம்பிய பொய்யும் அதுதான். படம் வந்து எல்லாரும் பயந்து முடித்த பிறகு, ஒரு நாள் இறால் நிறுக்கிற இடத்தில் மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் படத்துல வர்ற பேயி நாந்தான்."

இறாலை வாங்கிக்கொண்டிருந்த வேலம்மாவுக்கு முகமே சிவந்துவிட்டது. "இன்னாடி சொன்ன? நீயா? உன்னப் பாத்தா நான் பயந்தேன்? உன் எறாவ நான் டெய்லி எடுக்கறேன், உன் மூஞ்சிய டெய்லி பாக்கறேன். உன்னப் பாத்தா நான் லைட்டு போட்டுத் தூங்குனேன்?"

"மூஞ்சில ரப்பரு போட்டிருந்தாங்கக்கா."

"பாத்திரம் கழுவப் போனவளுக்கு எதுக்குடி ரப்பரு? சோப்பு நுரை படாம இருக்கவா?"

பயந்த ஒருத்தராலும் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒப்புக்கொண்டால் பக்கத்துத் தெரு மாரிக்குப் பயந்ததாக ஆகிவிடும். அன்றிலிருந்து அவர் பெயர் "ஷூட்டிங்கு மாரி". பறியை இறக்கினால், "இது மெய்யாலுமே எறாவா, இல்ல ரப்பரா?" என்பார்கள். மேற்கே தண்ணீரில் கண்ணாடித்துண்டு கிடக்கிறது, இறங்காதீங்க என்று அவர் சொன்னபோது, "படத்துல பாத்தியா மாரி?" என்று சிரித்துக்கொண்டே இறங்கிய பையனின் காலில் தையல் போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் யாரும் நம்பவில்லை. என் பங்குக்கு, அவர் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்தப் படத்துப் பேய் மூச்சு விடுவது போல விட்டுக்காட்டுவேன். அவர் நின்று கேட்டுவிட்டு, "இவ்ளோ வேகமா விடல நானு" என்று திருத்திவிட்டுப் போவார்.

ஊர் போனால் போகட்டும். வீட்டிலும் அதே கதைதான். துளசிங்கம் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஊருக்கு இன்னா வேணா சொல்லு. எங்கிட்டயாவது நெசத்தச் சொல்லேன் மாரி. நான் கோச்சுக்க மாட்டேன்" என்று கெஞ்சியிருக்கிறார். அன்றைக்குத்தான் மாரியக்கா அழுதார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், கட்டினவனே தன் வாயை நம்பவில்லை என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இரண்டாம் பாகம் எடுக்கும்போது ஜோயல் மறுபடி வந்தார். "இந்த வாட்டி மிலிட்டரி கதைக்கா. சோல்ஜருங்க வந்து ஏரியில பேயோட சண்ட போடறாங்கக்கா. ரப்பரு கிடையாது. உங்க மூஞ்சியே வரும்க்கா."

"என் மூஞ்சியா? தெரியுமா நல்லா?"

"ஸ்கிரீன் பூரா நீங்கதான்க்கா!"

சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தண்ணீரும் இல்லை, சேறும் இல்லை. ஒரு வெள்ளை ரூம், நடுவில் ஒரு நாற்காலி, சுற்றிலும் காமிரா. கோபப்படச் சொன்னார்கள், கத்தச் சொன்னார்கள், கடிப்பது போல வாயைத் திறக்கச் சொன்னார்கள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. வந்ததும் வராததுமாக வேலம்மாவிடம் போய், "என் மூஞ்சி வருது. நீயே வந்து பாரு" என்றார்.

"வரட்டும்டி. வரலன்னா தியேட்டர்லயே உன்ன பாத்திரம் கழுவ வச்சிட்டு வருவேன்" என்றார் வேலம்மா.

படம் வந்த ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு வேலம்மாவே ஒரு குட்டியானை வண்டியைப் பேசி, எங்களையெல்லாம் ஐஸ்பெட்டிகளுக்கு நடுவில் அடைத்து மீஞ்சூர் தியேட்டருக்குக் கூட்டிப் போனார். மாரியக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தார். துளசிங்கம் ஓரமாக உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் வந்தார். பெண்டாட்டி இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊர் முன்னால் அவமானப்படப்போகிறாள் என்று அவர் முடிவே கட்டியிருந்தது முகத்தில் தெரிந்தது.

படம் மகா மட்டம். சோல்ஜர்கள் வந்தார்கள். சப்பாத்தி சாப்பிட்டார்கள். அம்மாவுக்குப் போன் பேசினார்கள். மறுபடி சப்பாத்தி சாப்பிட்டார்கள். கேப்டன் மீசையைத் தடவிக்கொண்டு, "வீரன் சாவலாம். ஆனா அவன் பயம் சாவக் கூடாது!" என்றார். அந்தக் குரலிலேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், அர்த்தம் மட்டும் வரவில்லை. ஏரி என்று காட்டியதில் தண்ணீர் நீச்சல்குளம் மாதிரி நீலமாக இருந்தது. முன்வரிசையில் கம்பெனிப் பையன்கள் படத்தை விட்டுவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வேலம்மா கொட்டாவி விட்டு, "எங்கடி உன் மூஞ்சி? சப்பாத்தி சுட்டுட்டிருக்கா?" என்றார்.

அப்போது தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பியது.

மாரியக்கா. அதே நெற்றி, அதே மூக்குத்தி ஓட்டை, இடப்பக்கத்துத் தெத்துப்பல். திரை முழுக்க.

வேலம்மா விசிலடித்தார். "அடியே மாரி! நெசந்தான்டி! ஏய், எங்க மாரிடா!" நாங்கள் எல்லாரும் எழுந்து கைதட்டினோம். துளசிங்கம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார். மாரியக்கா புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

பக்கத்தில் இன்னொரு தலை எழும்பியது. அதுவும் மாரியக்கா.

அதற்குப் பின்னால் இன்னொன்று. அப்புறம் ஏரி முழுக்க. எங்கே பார்த்தாலும் மாரியக்கா. கைதட்டல் நின்றுபோனது. யார் முதலில் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. எல்லா மாரியக்காக்களும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். வாய் காதுவரை கிழிந்தது. கேப்டன், "சுடுங்கடா!" என்றார்.

முதல் குண்டில் பாதி முகம் போனது. இரண்டாவது மாரியக்கா தீப்பிடித்து எரிந்தார். ஒரு சோல்ஜர் இன்னொரு மாரியக்காவின் தலையைப் பூட்ஸ் காலால் மிதித்துச் சேற்றுக்குள் அழுத்தினார். அழுத்த அழுத்த அந்தக் கண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. துளசிங்கம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தியேட்டரில் மற்றவர்களுக்குத் தூக்கம் வந்தது. எங்கள் வரிசையில் மட்டும் ஒருத்தரும் நாற்காலியில் சாய்ந்து உட்காரவில்லை.

முன்வரிசையில் ஒரு பையன் சோம்பல் முறித்தான். "இன்னா மச்சான், எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சிய காப்பி அடிச்சு வச்சிருக்கான். அதுவும் எவ்ளோ கேவலமான மூஞ்சி!"

வேலம்மா எழுந்தார். "டேய்! யாரு மூஞ்சிடா கேவலம்? அது எங்க மாரிடா!"

பையன் திரும்பித் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "எந்தப் பேயிமா?"

"எல்லாமேடா! எல்லாமே எங்க மாரிதான்டா!" என்றார் வேலம்மா. சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. ஏலத்தில் உடையாத குரல்.

இடைவேளையில் துளசிங்கம் மாரியக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. "வா, வூட்டுக்குப் போலாம்."

"இப்ப நம்புறியா?" என்றார் மாரியக்கா.

"நம்புறேன். நம்புறேன் மாரி. வா."

"நான் சொன்னது நெசந்தானே?"

"நெசந்தான். தப்பு என்னுதுதான். வந்துடு."

நம்பிவிட்டார். அதற்காகத்தான் பட்டுப்புடவை, அதற்காகத்தான் குட்டியானை. ஆனால் மாரியக்கா முகத்தில் கொஞ்ச நேரம் முன்னால் பார்த்த சிரிப்பு இல்லை. வண்டிக்கு வந்ததும் ஜோயலுக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"அக்கா! படம் பாத்தீங்களாக்கா? எப்டிக்கா?"

"இன்னா தம்பி, இத்தினி நானு?"

"பட்ஜெட்க்கா. ஆனா மாஸா இருந்துச்சுல்லக்கா?"

துளசிங்கம் போனைப் பிடுங்கினார். "இத பாரு தம்பி. இனிமே இவ எந்த ஷூட்டிங்குக்கும் வர மாட்டா."

"வரவே வேணாம்ணே!" ஜோயல் சந்தோஷமாகச் சொன்னார். "அக்கா மூஞ்சி முழுசா எங்க கம்ப்யூட்டர்ல இருக்குண்ணே. அழறது, கத்தறது, சாவறது எல்லாமே. மூணாம் பாகத்துக்கு அக்காவ தொந்தரவே பண்ண மாட்டோம்ணே."

மாரியக்கா குனிந்து போனிடம் கேட்டார்: "நான் செத்துப்புட்டா?"

"அப்பவும் இருக்கும்க்கா! கவலையே படாதீங்கக்கா!"

வேலம்மா போனை வாங்கி அணைத்துவிட்டு, மாரியக்காவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஏதோ மீனின் செதிலைத் தடவிப் பார்ப்பது போலத் தடவிப் பார்த்தார். பழவேற்காடு வரும்வரை கையை எடுக்கவே இல்லை.

மறுநாள் மாரியக்கா வழக்கம் போலத் தண்ணீரில் இறங்கினார். துளசிங்கம் கம்பெனிக்குப் போகவில்லை. யூனிபார்மோடு கரையில் வந்து நின்றார். மாரியக்கா குந்தினார், உடம்பு மறைந்தது. துளசிங்கம் ஒரு அடி தண்ணீருக்குள் வைத்தார்.

"மாரி!"

"இன்னா?"

"ஒண்ணுமில்ல."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி. "மாரி!"

"இன்னாய்யா?"

"சும்மாதான்."

படத்தில் அந்த முகங்களில் ஒன்றுகூடப் பதில் பேசவில்லை. கத்தத்தான் செய்தன. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. துளசிங்கத்துக்கு நேற்றே உறைத்திருக்க வேண்டும்.

"மாரி!"

"கம்முனு நில்லேன்யா! எறா ஓடுது!"

அவர் நிற்கவில்லை. முழங்கால்வரை நனைந்த யூனிபார்மோடு கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மாரியக்கா திட்டித் திட்டிப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.